குன்மமும் குருதியும்

நம் பழைய மருத்துவ நூல்கள் வயிற்றில் எரிச்சலும் வலியும் புளியேப்பமுமாய் வருத்தும் நோயைக் குன்மம் என்று வழங்கின. குருதி குன்றி, நகமும் நாவும் கண்ணிமையின் உட்புறமும் வெளுத்துப்போகும் நோயைப் பாண்டு என்று வழங்கின. இவ்விரண்டும் இருவேறு தலைப்புகளின்கீழ்ப் பேசப்படுவன. நூலில் இரண்டாக நிற்கும் இவை மனித உடலில் ஒன்றாகக் கூடி நிற்பதும் உண்டு. இரைப்பையிலோ சிறுகுடலின் முகப்பிலோ உள்ள புண் நாள்தோறும் சிறிது சிறிதாகக் குருதியைக் கசியவிடுமாயின், குன்மம் பாண்டுவாக மாறுகிறது. புண் ஆறியதா என்று வயிற்றைக் கேட்டால் மட்டும் போதாது, குருதியையும் கேட்க வேண்டும் என்னும் உண்மையை மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாற்றையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றேன்.

இப்பொருளில் என் மனத்தைத் திருப்பியது ஒரு நிகழ்ச்சி. கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் எங்கள் தோட்டத்தில் இருந்தார். அவருக்கு நெடுநாளாய் வயிற்றெரிச்சல். வீட்டார் மணத்தக்காளிக் கீரையும், உலர்த்தி இடித்த வாழைக்காய் மாவும் விடாமற் கொடுத்து வந்தனர். எரிச்சல் தணிந்தது. அனைவரும் மகிழ்ந்தோம். யானும் பள்ளியில் பிள்ளைகளிடம் நம் முன்னோர் மருந்தின் பெருமையை எடுத்துச் சொன்னேன். சில மாதங்கள் கழித்து ஒரு நாள் பள்ளிக்கூடப் படிக்கட்டில் அவர் மூச்சுவாங்க உட்கார்ந்திருந்தார். "வயிறு இப்ப நல்லாத்தான் இருக்கு வாத்தியாரையா, காலுதான் ஏற மாட்டேங்குது" என்றார். அவருடைய உள்ளங்கை வெள்ளைத் தாளைப்போல் வெளுத்திருந்தது. மலைப்பாதை இறங்கி மருத்துவமனைக்குக் கொண்டுசென்றபோது, உடலிற் குருதி பாதியாகக் குறைந்திருந்ததாக மருத்துவர் கூறினார். மலம் தாரைப்போல் கறுத்துப் போவதைப் பெரியவர் பல வாரங்களாகக் கண்டும் யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கிய மாத்திரைகளையும் நாள்தோறும் விழுங்கி வந்திருக்கிறார். வேற்றுக் குருதி ஏற்றி அவரைப் பிழைக்க வைத்தனர். வயிறு வாய்திறவாமல் இருந்தது. குருதிதான் உண்மையைச் சொல்லிற்று. பிள்ளைகளுக்கு யான் சொன்ன பாடத்தில் பாதி விடுபட்டுப் போயிற்று என்பதை அன்று உணர்ந்தேன்.

முதற்கண் நம் முன்னோர் அறிந்திருந்ததை நோக்குவோம். சித்த மருத்துவம் குன்மத்தை எண்வகையாகப் பகுத்துக் கூறுகிறது. மிகுந்த காரமும் புளிப்பும், காலந்தவறிய உணவும், பட்டினியும், மனக்கவலையும் அதற்குக் காரணம் என்கிறது. அதிமதுரம், மணத்தக்காளி, பிரண்டை, வாழை, வல்லாரை முதலியன வயிற்றுக்கும் புண்ணுக்கும் உரிய பொருள்களாக நம் மரபில் வழங்கி வந்துள்ளன. பாண்டுவுக்கோ அயச்செந்தூரமும் அன்னபேதிச் செந்தூரமும் மருந்து. அன்னபேதி என்பது இரும்பும் கந்தகமும் சேர்ந்த உப்பு. இன்று மருத்துவமனைகளில் குருதிக் குறைவுக்குக் கொடுக்கும் மாத்திரைகளிலும் இரும்பின் உப்பே இருக்கிறது. ஆகவே குருதிக்கும் இரும்புக்கும் உள்ள உறவைப் பட்டறிவால் நம்மவர் கண்டிருந்தனர் என்பதில் ஐயமில்லை. அவர்களிடம் இல்லாதது ஒன்றே. உடலைக் கீறாமல் புண்ணைக் காணவும், குருதியை எண்ணி அளக்கவும் கருவி இல்லை.

மேலைநாட்டிலும் நெடுங்காலம் அந்நிலையே இருந்தது. இரைப்பைக்குள் நடப்பதை மனிதன் கண்ணாரக் கண்டது ஒரு தற்செயலால். 1822இல் வட அமெரிக்காவில் அலெக்சிஸ் சென் மார்ட்டின் என்னும் இளைஞன் துப்பாக்கிச் சூடுபட்டு உயிர் பிழைத்தான். ஆனால் அவன் வயிற்றில் இரைப்பை வரைக்கும் ஒரு துளை மூடாமல் நின்றுவிட்டது. வில்லியம் போமாண்ட் என்னும் படை மருத்துவர் அத்துளை வழியே உணவுத்துண்டுகளை நூலிற் கட்டி உள்ளே விட்டும் வெளியே எடுத்தும் செரிமானத்தை ஆராய்ந்து, 1833இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். இரைப்பை நீரில் உள்ளது ஐதரோகுளோரிக் அமிலம் என்பதை இங்கிலாந்தில் வில்லியம் புரௌட் அதற்குச் சற்று முன்னரே காட்டியிருந்தார். அமிலம் இன்றேல் புண் இல்லை என்ற கருத்தை 1910இல் சுவார்ட்ஸ் என்பவர் வகுத்துரைத்தார். அதன்பின் நெடுங்காலம் மருத்துவர்களின் எண்ணமெல்லாம் அமிலத்தை அடக்குவதிலேயே இருந்தது.

மூலிகை ஒன்று புண்ணை ஆற்றுமா என்று ஐயமறத் தெரிய வேண்டுமாயின், ஒரே அளவு புண்ணுள்ள பல உடல்கள் வேண்டும். மனிதரில் அஃது இயலாது. ஆதலின் விலங்குகளை நாடினர். 1945இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஹாரி ஷே என்பாரும் அவர்தம் துணைவரும் ஒரு முறையைக் கண்டனர். எலியைப் பட்டினி போட்டு, அதன் இரைப்பையின் கீழ்வாயை நூலாற் கட்டிவிட்டால், வெளியேற வழியில்லாத அமிலம் தேங்கிச் சில மணி நேரத்தில் புண்ணை உண்டாக்கிவிடும். பின்வந்தோர் ஆஸ்பிரின், இண்டோமெதசின் போன்ற மருந்துகளைக் கொடுத்தும், சாராயச் சத்தாகிய எத்தனாலைப் புகட்டியும், அசைய முடியாமற் கட்டி வைத்துக் குளிரில் விட்டும் புண்களை உண்டாக்கினர். ஒரு பகுதி எலிகளுக்கு மூலிகைச் சாறு. ஒரு பகுதிக்குத் தேறிய மருந்து. மற்றொரு பகுதிக்கு வெறும் நீர். இறுதியில் இரைப்பையைத் திறந்து புண்களின் எண்ணிக்கையையும் அளவையும் கணக்கிட்டு மூன்று பகுதியையும் ஒப்பிடுவர். வாயில்லா உயிர்கள் நம் பொருட்டுப் பட்ட துன்பம் இது என்பதை நினையாமல் இவ்வரலாற்றைச் சொல்வது முறையன்று. அத்துன்பம் வீண்போகாமல் இருக்க வேண்டுமாயின், அவ்வாய்வுகளைப் பிழையறப் படித்துணர்வது நம் கடமை.

இனிக் குருதியின் பங்கைக் காண்போம். புண்ணுண்டாக்கிய விலங்கின் குருதியில் ஆய்வாளர் எவற்றைத் தேடுகின்றனர்? செங்குருதியணுக்களையும், அவற்றுள் இருந்து உயிர்க்காற்றைச் சுமக்கும் ஈமோகுளோபினையும் அளந்தால், புண்ணிலிருந்து எவ்வளவு குருதி கசிந்தது என்று உய்த்துணரலாம். வெள்ளணுக்கள் பெருகியிருந்தால் உடலில் அழற்சி உண்டென்று பொருள். குருதித் தட்டுகளும் குருதி உறையும் நேரமும், கொடுத்த சாறு கசிவை நிறுத்துமா மிகுவிக்குமா என்பதைக் காட்டும். குருதியிற் கலந்துள்ள உப்புகளும் நொதிகளும் கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு நேர்ந்ததா என்பதை அறிவிக்கும். இரைப்பையை அமிலம் சுரக்கத் தூண்டும் கேஸ்ட்ரின் என்னும் பொருளும் குருதியின் வழியாகவே செல்வது. அப்படியொரு தூதன் உண்டென்பதை 1905இல் எட்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் கண்டுரைத்தார்.

ஆயினும் குருதியின் சாட்சியத்தையும் குறுக்கு விசாரணை செய்தே ஏற்க வேண்டும். 200 கிராம் எடையுள்ள எலியின் உடலில் உள்ள குருதி முழுவதும் ஏறத்தாழ 13 மில்லிலிட்டர்தான். அதிலிருந்து ஆய்வுக்கென்று பலமுறை எடுத்தாலே குருதிக் குறைவு வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் எத்தனால் சோதனையில் ஈமோகுளோபின் குறையவில்லை என்றால், கசிவு இல்லை என்று முடிவு கட்டலாகாது. குருதி இழந்த உடனே எஞ்சிய குருதியின் செறிவு மாறுவதில்லை. இழந்த அளவை நிரப்ப உடலின் நீர் உட்புகுந்த பின்னரே செறிவு குறையும். மறுபுறம், விலங்கு நீர் வற்றிக் கிடந்தாலும் ஈமோகுளோபின் உயர்ந்தது போலத் தோன்றும். மூலிகைச் சாறு குருதியைப் பெருக்கியது என்று ஓர் அறிக்கை கூறுமாயின், எத்தனை நாள் கொடுத்தார்கள், விலங்கு நீர் அருந்திற்றா, வெறும் நீர் கொடுத்த பகுதியின் கணக்கு என்ன என்று கேட்பதே அறிவுடைமை.

குருதியைக் கேளாமல் விட்டதால் நேர்ந்த இடருக்கு அதிமதுரத்தின் வரலாறே சிறந்த சான்று. நெதர்லாந்து நாட்டில் ஹீரன்வேன் என்னும் ஊரிலிருந்த மருந்தாளர் ஒருவர் அதிமதுரச் சாற்றைக் களியாக்கி வயிற்றுப் புண்ணுக்குக் கொடுத்து வந்தார். ரேவர்ஸ் என்னும் மருத்துவர் அதனைக் கேள்வியுற்று ஆராய்ந்து, புண் ஆறுவது மெய்யே என்று 1946இல் எழுதினார். நம் நாட்டு மருந்துக் கடைகளில் நூற்றாண்டுகளாக இருந்த வேர், இவ்வாறு மேலைநாட்டு மருத்துவ ஏடுகளில் இடம்பெற்றது. ஆனால் அதை உண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முகமும் காலும் வீங்குவதையும் அவரே கண்டார். காரணம் குருதியில் இருந்தது. அதிமதுரத்தின் இனிப்புச் சத்து, உடலில் சோடியம் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் ஓட்டிவிடுகிறது. அதனால் நீர் கோத்துக் குருதி அழுத்தம் ஏறுகிறது. பொட்டாசியம் மிகக் குறைந்தால் தசை தளர்ந்து இதயத் துடிப்பும் தடுமாறும். அவ்வேரிலிருந்து பிறப்பித்த கார்பெனாக்சலோன் என்னும் மருந்து இரைப்பைப் புண்ணை விரைந்து ஆற்றுவதை 1962இல் ரிச்சர்ட் டால் முதலியோர் இங்கிலாந்தில் காட்டினர். புகைபிடித்தலுக்கும் நுரையீரற் புற்றுக்கும் உள்ள தொடர்பை நிறுவிய அதே டால் இவர். அம்மருந்திலும் பழைய குறை தொடர்ந்தது. 1976இல் சிமெட்டிடின் என்னும் அமிலந்தணிக்கும் மருந்து பிரிட்டனில் விற்பனைக்கு வந்தபின் கார்பெனாக்சலோன் பின்தங்கியது. புண்ணை ஆற்றிய பொருளே குருதியைக் கலைத்தது என்பது இவ்வரலாறு தரும் முதற்பாடம்.

இரண்டாவது பாடத்தை நம் மலையில் விளையும் ஒரு காயே தருகிறது. கேமரன் மலையின் முட்டைக்கோசு பெயர் பெற்றது. 1949இல் கலிபோர்னியாவில் கார்னெட் செனி என்னும் மருத்துவர், பச்சைக் கோசுச் சாறு குடித்த 13 நோயாளிகளின் புண் விரைவில் ஆறிற்று என்று எழுதினார். அச்சாற்றில் உள்ளதாகக் கருதிய சத்துக்கு வைட்டமின் யூ என்று பெயருமிட்டனர். பெயர் பரவிய வேகத்தில் ஆராய்ச்சி பரவவில்லை. சாறு குடியாதவர்களுக்கு அதே காலத்தில் புண் எவ்வாறு இருந்தது என்னும் ஒப்பீடு அந்த முதல் அறிக்கையில் இல்லை. புண்கள் சில தாமாகவும் ஆறும். வைட்டமின் யூ என்பது மெய்யான வைட்டமின்களின் வரிசையில் இடம்பெறவே இல்லை. ஒப்பீடு இல்லாத புகழ்ச்சி நிலைக்காது என்பது இதனாற் பெறப்படும்.

வாழைக்காயின் வரலாறு இவற்றினும் ஊக்கமளிப்பது. இந்தியாவில் ஏ. கே. சன்யால் முதலியோர் 1960களின் தொடக்கத்தில் வாழைக்காய்ப் பொடி விலங்குகளின் இரைப்பைப் புண்ணைத் தடுப்பதைச் சோதித்து வெளியிட்டனர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஆர். கே. கோயல் முதலியோர் 1980களில் இவ்வாய்வைத் தொடர்ந்தனர். 1984இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரிலுள்ள ஆஸ்டன் பல்கலைக்கழகத்தார், ஆஸ்பிரினால் புண்பட்ட எலிகளுக்கு வாழைக்காய்ப் பொடியைக் கொடுத்து, அது புண் வருமுன் காப்பதுடன் வந்த புண்ணையும் ஆற்றுவதைக் கண்டனர். அமிலத்தை அடக்குவதனால் அன்று, இரைப்பையின் உட்சுவரைத் தடித்து வளரச் செய்வதனாலேயே அது புண்ணைக் காக்கிறது என்பது அவர்கள் கண்ட சிறப்பு.

தமிழகத்திலும் இத்துறை வளர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் துறையினரான மல்லிகா ஜைனுவும் சியாமளாதேவியும் மணத்தக்காளியையும் பிரண்டையையும் எலிகளிற் சோதித்து 2006இல் வெளியிட்டனர். மணத்தக்காளிச் சாறு அமிலத்தின் அளவைக் குறைத்ததோடு, கேஸ்ட்ரின் சுரப்பையும் தணித்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. வல்லாரையை 2000இல் ஹாங்காங் ஆய்வாளரும், பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தாரும் எத்தனாலால் புண்பட்ட எலிகளிற் சோதித்து, காக்கும் ஆற்றல் உண்டென்றனர். நம் வீட்டு அடுக்களையில் நாம் கூட்டாகவும் துவையலாகவும் உண்ணும் பொருள்களே இவை. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தது அளவிட்டு வடித்த சாரம். நாம் உண்பது கீரை. எலியிற் கண்ட பயன் மனிதரில் அவ்வளவாகவே விளையும் என்று சொல்ல, மனிதரிடம் செய்த ஒப்பீடு வேண்டும்.

இதற்கிடையே புண்ணின் காரணத்தைப் பற்றிய எண்ணமே தலைகீழாக மாறிற்று. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு நுண்ணுயிரை வளர்த்துக் காட்டினர். 1984இல் மார்ஷல் தாமே அதனைக் குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளாகி உலகை நம்பவைத்தார். ஹெலிகோபேக்டர் பைலோரி என வழங்கும் அந்நுண்ணுயிரைக் கண்டதற்காக இருவருக்கும் 2005இல் நோபெல் பரிசு கிடைத்தது. இந்த நுண்ணுயிர் ஒருபுறமும், வலிநீக்கி மாத்திரைகள் மறுபுறமுமே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்பது இன்றைய தெளிவு. ஆஸ்பிரின் இரைப்பையைப் புண்படுத்துவதை 1938இலேயே இலண்டனில் டௌத்வெயிட், லிண்டாட் என்னும் இருவர் உள்நோக்குக் கருவியாற் கண்டிருந்தனர். ஆஸ்பிரின் குருதித் தட்டுகள் ஒன்றுகூடுவதையும் தடுப்பதால், புண்ணையும் ஆக்கிக் கசிவையும் நீட்டும். எங்கள் பெரியவரின் முழங்கால் மாத்திரைகளும் இவ்வலிநீக்கி வகையினவே. வீட்டார் கீரையால் கட்டியதை, கடை மாத்திரை இடித்துக்கொண்டிருந்தது.

இங்கு நம் நாட்டுக் குருதி கூறிய சாட்சியம் ஒன்றையும் குறிக்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோ கியன் லீயும் பராசக்தியும் நாட்டின் பல பகுதி மக்களின் குருதியில் இந்நுண்ணுயிருக்கு எதிரான பொருளைத் தேடி, 2001இல் முடிவை வெளியிட்டனர். மலாய்க்காரரைவிடச் சீனரிடத்தும் இந்தியரிடத்தும் இத்தொற்று மிகுதி என்பது தெரியவந்தது. இந்தியரிடம் தொற்று மிகுந்திருந்தும் இரைப்பைப் புற்று சீனரிடமே கூடுதலாகக் காணப்படுவது ஆராய்ச்சியாளரை இன்றும் சிந்திக்க வைக்கிறது. நம் இனத்தாருக்கு இது அச்சுறுத்தல் அன்று; எச்சரிக்கை. இந்நுண்ணுயிரைத் தக்க மருந்துகளால் ஒழித்துவிட முடியும். எரிச்சல் தணிந்தது என்று நின்றுவிடாமல் அதைச் சோதித்தறிவதே முறை.

நாம் நாள்தோறும் அருந்தும் மூலிகைச் சாறு ஒன்றும் குருதியைத் தொடுகிறது. எங்கள் மலையெல்லாம் பச்சைக் கம்பளமாய் விரிந்துள்ள தேயிலையே அது. 1929இல் ஜே. ஏ. ரசல் இம்மலையில் போ தோட்டத்தைத் தொடங்கிய காலமுதல், தமிழர் கை இத்தேயிலையைக் கிள்ளி வந்துள்ளது. 1975இல் தென்னாப்பிரிக்காவில் டிஸ்லர் முதலியோர் ஓர் ஆய்வு நடத்தினர். அதில் பங்குகொண்டவர்கள் டர்பன் நகரை அடுத்து வாழ்ந்த இந்திய வம்சாவளித் தாய்மார்கள். சோற்றோடு தேநீர் குடித்தபோது, அவ்வுணவிலிருந்து உடல் ஏற்கும் இரும்பு, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. தேநீரிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பைப் பற்றிக்கொள்வதே காரணம். புண்ணுக்கு நல்லதென்று போற்றப்படும் துவர்ப்பு மூலிகைகள் பலவற்றிலும் அதே வகைச் சத்து உண்டு. புண்ணினால் இரும்பை இழப்பவன் உணவோடு துவர்ப்பையும் உட்கொண்டால், இழப்பு ஒருபுறம், வரவுத் தடை மறுபுறம் ஆகிறது. தேநீரை விட்டுவிடுங்கள் என்று தேயிலைத் தோட்டத்தில் இருந்துகொண்டு யான் சொல்லமாட்டேன். சோற்றுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரம் விடுங்கள் என்றே சொல்வேன்.

இவ்வரலாற்றால் நாம் பெறும் தெளிவு யாது? நம் மூலிகைகள் பொய்யல்ல. எலியின் இரைப்பையும் அதற்குச் சான்று கூறிவிட்டது. எனினும் ஒரு பொருள் வலியைத் தணிப்பது வேறு, புண்ணை ஆற்றுவது வேறு, குருதியைக் காப்பது வேறு. மூன்றையும் தனித்தனியே கேட்டறிந்த பின்னரே ஒரு மருந்தை மருந்து என்று சொல்லலாம். முன்னோர் சொன்னது என்பதால் தள்ளுவதும் தவறு. முன்னோர் சொன்னது என்பதாலேயே கேள்வியின்றிக் கொள்வதும் தவறு. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயின் முதலையும், நோயாளியின் நிலையையும், காலத்தையும் கருதச் சொன்னதும் இந்நோக்கம் பற்றியே.

தமிழாசிரியப் பெருமக்கள் மூலிகைகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, மணத்தக்காளியின் பெருமையோடு மேலும் மூன்று செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவார்களாக. கரிய மலமும் வெளுத்த உள்ளங்கையும் படியேறினால் வரும் மூச்சிரைப்பும் வீட்டில் யாருக்கேனும் கண்டால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இரும்பு மாத்திரை உண்டாலும் மலம் கறுக்கும். ஆயினும் இது எது என்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. வலி மாத்திரையையும் மூலிகைச் சாற்றையும் உண்பவர் இரண்டையும் மருத்துவரிடம் மறைக்கலாகாது. தாத்தாவின் உள்ளங்கையைப் பார்க்கத் தெரிந்த ஒரு சிறுவன் ஒரு வீட்டில் இருந்தாற் போதும். எங்கள் தோட்டத்துப் பெரியவர் அதன்பின் சில ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார், மணத்தக்காளியை விடவில்லை. கடை மாத்திரையை விட்டார். மருத்துவர் சொன்ன நாளில் குருதிச் சோதனைக்கும் தவறாது சென்று வந்தார்.